சாரதாமணியின் சிவப்பு அம்பு

பால் பாக்கெட்டை வாங்கியதும் சாரதாமணி அதை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடிக்கிறாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் நான்கு மூலைகளையும் பார்க்கிறாள். பிறகு திருப்பிக் கொடுத்துவிடுகிறாள்.

"இது வேண்டாங்க. அதுக்கு அடியில இருக்கறதக் குடுங்க."

"ஏனுங்க்கா, பாலுக்குள்ள நான் என்னத்த ஒளிச்சு வெச்சுரப் போறேன்?" என்று கடைக்காரர் அர்த்தநாரி தினமும் கேட்கிறார்.

"நீங்க வெக்க மாட்டீங்க. உங்களுக்கே தெரியாம எவனாச்சும் வெச்சிருந்தா?"

அர்த்தநாரி அடியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். அதையும் அவள் வெயிலில் பார்க்கிறாள்.

தக்காளியை முகர்ந்து பார்ப்பாள். கேஸ் சிலிண்டரைக் கட்டிப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் தூங்கினால், உண்மையிலேயே தூங்குகிறாளா என்று ஓரக்கண்ணால் பார்ப்பாள். இத்தனை சந்தேகத்திலும் மரியாதை தவறிய ஒரு சொல் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. ஒவ்வொரு சந்தேகத்தின் வாலிலும் ஒரு 'ங்க' ஒட்டிக்கொண்டிருக்கும். "தப்பா நெனச்சுக்காதீங்க" என்று அவள் தொடங்கினால், தப்பாக நினைத்தாகிவிட்டது என்று மண்ணரையில் அவள் குடியிருக்கும் லைன் வீட்டுக்காரர்கள் ஏழு பேருக்கும் தெரியும்.

ஐம்பத்து மூன்று வயது. பிறந்தது வெள்ளகோவில், வாழ்க்கைப்பட்டது மண்ணரை. இருபத்தாறு வருடமாக பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மேசைக்கு மேலே குழல் விளக்கு எரிய, ஒவ்வொரு பனியனின் வயிற்றுக்குள்ளும் இரு கைகளை விட்டு விரல்களை விரிப்பாள். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், ஒரு கைக்கும் மறு கைக்கும் மாறிப்போன நிற ஷேடு, எதுவும் அந்தக் கண்களுக்குத் தப்பாது. குற்றம் கண்ட இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவாள். கறையைப் பார்த்தே அது எந்த மெஷின், எந்த ஆள் என்று சொல்லிவிடுவாள்.

அம்பை ஒட்டுவதில் அவளுக்கு ஒரு கறார் உண்டு. அம்பின் முனை குற்றத்தைத் தொட வேண்டும். புதிதாக வந்த பெண்கள் அரை அங்குலம் தள்ளி ஒட்டினால் பிய்த்து எடுத்து மறுபடி ஒட்டச் சொல்வாள்.

"பக்கத்துல ஒட்டறதுக்குப் பேரு செக்கிங் இல்ல கண்ணு. நல்ல துணி மேல பழி போடறது."

அந்த அம்புகள் கம்பெனியோடு நிற்பதில்லை. டிபன் பையில் எப்போதும் ஒரு ஸ்டிக்கர் பட்டை இருக்கும். லைன் வீட்டின் ஒழுகும் குழாயில் ஓர் அம்பு. வேகமாக ஓடுவதாக அவள் நம்பும் கரண்ட் மீட்டரில் ஓர் அம்பு. அடுத்த வீட்டுத் தண்ணீர் தன் வாசலுக்கு வரும் மூலையில் ஓர் அம்பு. "அக்கா அம்பு விட்டுட்டாங்க டோய்" என்று சிரித்துக்கொண்டே மற்றவர்கள் அந்த இடத்தைச் சரி செய்துவிடுவார்கள்.

டாக்டர்கள் மேல் அவளுக்கு இருக்கும் சந்தேகம் மட்டும் வேறு வகை. அதில் சிரிப்பு கிடையாது. கணவர் முருகவேல் ஆறு வருடத்துக்கு முன்பு ஓர் ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறி இறந்துபோனார். எந்த ஊசிக்குப் பிறகு மூச்சு நின்றது என்பதை மணி நிமிடத்தோடு சொல்வாள். அன்றிலிருந்து அவள் வைத்தியத்தை அவளே பார்த்துக்கொள்கிறாள். ஒரு பிஸ்கட் டப்பா நிறைய மாத்திரைகள். தலைவலிக்கு அரை, காய்ச்சலுக்கு ஒன்று. அதையும் முழுதாக விழுங்க மாட்டாள். உடைத்து உள்ளே பார்த்துவிட்டு, கரண்டியில் வைத்துக் கட்டைவிரலால் நுணுக்கி, பாலில் கலந்துதான் குடிப்பாள்.

இப்படிப்பட்டவள் உலகத்தில் செக் பண்ணாமல் ஏற்றுக்கொண்ட ஒரே ஜீவன் ரிஜெட்டு.

ரிஜெட்டு ஒரு பெண் பூனை. வெள்ளை உடம்பு, முதுகில் மஞ்சள் திட்டு, நுனியில் ஒடிந்து மடங்கிய வால். கம்பெனியில் 'ரிஜெட்டு' என்று கழித்துப் போட்ட பனியன்கள் கிடந்த அட்டைப் பெட்டிக்குள் பிறந்தது. கூடப் பிறந்த இரண்டைச் செக்கிங் பெண்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒடிந்த வாலைப் பார்த்து இதை யாரும் தொடவில்லை. "நீ எம்பட ஊட்டுக்கு வா சாமி. எல்லாரும் ஒதுக்குன பீஸு நாம ரெண்டு பேரும்" என்று முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு வந்தாள். நான்கு வருடமாயிற்று. காலையில் அவள் கழுத்தில் மூக்கை வைத்து எழுப்புவது அதுதான். சாயங்காலம் அவள் செருப்புச் சத்தத்துக்கு வாசலில் நிற்பதும் அதுதான். கிண்ணத்தில் பால் குறைந்திருந்தால் சாரதாமணி அடுத்த வீட்டுப் பூனையைச் சந்தேகப்படுவாள். அடுத்த வீட்டில் பூனையே கிடையாது.

அடுத்த வீட்டில் இருப்பது மாரிச்செல்வம். சிவகாசிப் பக்கத்திலிருந்து மனைவி தேவிப்பிரியாவோடும் நான்கு வயது மகளோடும் வந்தவன். சாயப்பட்டறையில் வேலை. மொட்டை மாடியில் ஆறு புறாக்கள் வளர்த்தான். போன மாதம் ரிஜெட்டு அதில் ஒன்றைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. இறகை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"அக்கா, ஒங்க பூனைய ஒருநா இல்லாட்டி ஒருநா..."

அதோடு நிறுத்திவிட்டுப் போய்விட்டான். முடிக்காத அந்த வாக்கியத்தைச் சாரதாமணி ஒரு மாதமாக முடித்து முடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவெல்லாம் முடிவு கிடைத்தது! பட்டறையிலிருந்து அவன் கொண்டுவரும் பிளாஸ்டிக் கேனைப் பார்த்தாள். வேட்டியில் இருக்கும் நீலக் கறையைப் பார்த்தாள். "தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி, அந்தக் கேனுல என்னங்க?" என்று கேட்டாள். "தண்ணிக்கா" என்றான். தண்ணீரா? தண்ணீருக்கு எதற்கு மூடி அத்தனை இறுக்கம்?

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ரிஜெட்டு வாசலுக்கு வரவில்லை. கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடந்தது. காது சுட்டது. "காச்சலா சாமி?" என்று மடியில் போட்டுக்கொண்டு, தனக்குச் செய்யும் வைத்தியத்தையே அதற்கும் செய்தாள். காலையில் எழுந்ததும் மறுபடி செய்தாள்.

ஞாயிறு பத்து மணிக்கு அது வாயைத் திறந்து மூச்சு விட்டது. நாய் போல நாக்கை வெளியே போட்டுக்கொண்டு, விலா எலும்பு உள்ளே போய் வெளியே வர, ஒவ்வொரு மூச்சையும் எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்தது. முகம் உப்பியிருந்தது. பால் நுரை போல எச்சில் வடிந்தது. முருகவேலின் கடைசி மூச்சும் இப்படித்தான் இருந்தது, இதே இழுப்பு, இதே கண்.

அழவில்லை. செக்கிங் செய்தாள். பூனையின் வாயை முகர்ந்தாள். அது கக்கியிருந்ததை ஒரு பாலிதீன் கவரில் வழித்து முடிச்சுப் போட்டாள். தரையைப் பார்த்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள். மாரிச்செல்வத்தின் நிலைப்படிக்குக் கீழே கை அகலத்துக்கு ஈரம். கேன் வைத்து எடுத்த வட்டம். டிபன் பையிலிருந்து பட்டையை எடுத்து, அந்த நிலைப்படியில் ஓர் அம்பை ஒட்டினாள். முனை ஈரத்தைத் தொட்டது.

ரிஜெட்டை அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். முகூர்த்த நாள். ஓர் ஆட்டோகூட நிற்கவில்லை. பின்னாலிருந்து மொபெட் சத்தம் கேட்டது.

"அக்கா, வாயத் தொறந்துல்ல மூச்சு விடுது! சட்டுனு ஏறுங்க."

மாரிச்செல்வம்தான். இவனா? இவன் வண்டியிலா? பெட்டிக்குள் ரிஜெட்டு கழுத்தை நீட்டிக் காற்றைத் தேடியது. சாரதாமணி ஏறி உட்கார்ந்தாள். ஒரு கையில் பெட்டி, மறு கையில் சீட்டுக் கம்பி. அவன் தோளைத் தொடவில்லை.

"ஏனுங் தம்பி, நேரா போகாம எதுக்குங்க இந்தச் சந்துல போறீங்க?"

"மண்டபத்து முன்னாடி பூரா காருக்கா. மாட்டுனோம்னா அரை மணி நேரம்."

"உங்களுக்கு எப்படீங்க இந்தப் பூனை டாக்டரு ஊடு தெரியும்?"

"பொறாவுக்குக் கால் ஒடிஞ்சப்ப வந்தேன்கா."

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பதில் தயாராக இருப்பவனைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டாக்டர் யாழினிக்கு முப்பது வயதுகூட இருக்காது. பார்த்த நொடியில் பூனையைத் தூக்கி ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஆக்ஸிஜன் குழாயைத் திறந்துவிட்டாள். ஊசி போடவில்லை என்பதைச் சாரதாமணி கவனித்துக்கொண்டாள்.

"என்னம்மா சாப்பிட்டுச்சு?"

"பாலுங்க. நேத்து மத்தியானம் ரெண்டு மத்தி மீனு."

"வேற? மருந்து, மாத்திரை ஏதாவது?"

"ஒண்ணும் இல்லீங்க."

கண் சிமிட்டாமல் சொன்னாள். மாத்திரை குணமாக்குவது. டாக்டர் கேட்பதோ கெடுத்ததைப் பற்றி. அதோடு, டாக்டர்களிடம் எதைச் சொன்னாலும் அதன் தலையில் பழியைக் கட்டிவிட்டுத் தாங்கள் தப்பித்துக்கொள்வார்கள் என்பது முருகவேல் போன அன்றே அவள் எடுத்த முடிவு. பாலிதீன் கவரை மேசைமேல் வைத்தாள். குரலைத் தாழ்த்தி, வாசலில் நின்ற மாரிச்செல்வத்தின் பக்கம் கண்ணை மட்டும் திருப்பினாள்.

"வெசமுங்க. அவருக்குச் சாயப்பட்டறைல வேலைங்க."

யாழினி கவரைத் தொடவில்லை. பெட்டிக்குள் கையை விட்டு பூனையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு மங்கிப் பழுப்பாக இருந்தது. காலிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வெள்ளைத் தாளில் வைத்து விளக்கடியில் பிடித்தாள்.

"டாக்டரம்மா, டியூப் லைட்டுல கலரு பொய் சொல்லுமுங்க. இங்க கொண்டாங்க."

தாளை வாங்கிக்கொண்டு சாரதாமணி ஜன்னல் வெயிலுக்குப் போனாள். ஒரு கண்ணை மூடினாள். இருபத்தாறு வருடத்தில் சிவப்பில் எத்தனை சிவப்புகளைப் பார்த்தவள்! இது அதில் ஒன்றிலும் சேரவில்லை.

"இது செவப்பே இல்லீங்க. காப்பித்தூள் கலரு."

"ஆமாம்மா. காத்துப் பட்டா சிவக்கணும். சிவக்கல" என்றாள் யாழினி. "ரத்தம் மூச்சைச் சுமக்க மாட்டேங்குது. சில கெமிக்கல்ல இப்படி ஆகும். ஆனா நாங்க அதிகமாப் பாக்கறது மனுசங்க போடற காய்ச்சல் மாத்திரையிலதான். நமக்கு அது மருந்து, பூனைக்கு விஷம். மாத்திரைன்னா மாத்து மருந்து இருக்கு. ஆனா எவ்வளவு, எத்தனை மணிக்குன்னு எனக்குத் தெரியணும்."

சாரதாமணி வாயைத் திறந்தாள். அதற்குள் வாசலிலிருந்து குரல் வந்தது.

"டாக்டர், எங்க வீட்லதான் தின்னுருக்கும்போல."

மாரிச்செல்வம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்திருந்தான்.

"புள்ளைக்குக் காச்சல் டாக்டர். மாத்திரை சன்னல்லயே கெடந்துச்சு. ஒண்ணு கீழ விழுந்து காணாமப் போச்சுன்னு வீட்டுக்காரி தேடுனா. இது எங்க வீட்டுக்குள்ளயும் வரும், போவும். என் தப்புதான், எடுத்து வச்சிருக்கணும்."

ஒரு மாதமாகச் சாரதாமணி தேடிய வாக்குமூலம் இது. கேட்காமலே, தட்டில் வைத்துக் கொடுத்ததுபோல வந்து நிற்கிறது. வாங்கிக்கொண்டால் போதும். லைன் வீட்டில் நாளைக்கு அவளை யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். அம்பு ஒட்டிய இடம் சரிதான் என்று ஆகிவிடும்.

"எப்ப விழுந்துச்சு?" யாழினி கேட்டாள்.

"வெள்ளிக்கெழம காலைல."

யாழினியின் பேனா நின்றது. "வெள்ளிக்கிழமையா? ரெண்டு நாள் ஆயிருச்சே. அப்படின்னா மருந்து பிடிக்கறது சந்தேகம்தான்."

கண்ணாடிக்கு உள்ளிருந்து ரிஜெட்டு பார்த்தது. யாரையும் குற்றம் சொல்லாத பார்வை. வாய் திறந்திருந்தது. மடங்கிய வால் நுனி ஒரு முறை அசைந்தது. அந்த வாலைப் பார்த்ததும் சாரதாமணியின் நெஞ்சுக்குள் ஏதோ ஒரு தையல், நூலைப் பிடித்து இழுத்ததுபோல முழுவதும் பிரிந்துவிட்டது.

"வெள்ளிக்கெழம இல்லீங்க" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "நேத்து சாயந்தரம் ஆறு மணி. அரை மாத்திரை. இன்னிக்குக் காலைல ஆறரைக்கு இன்னொரு அரை. பால்ல கலந்து நாந்தானுங்க குடுத்தேன். இந்தக் கையாலதானுங்க நுணுக்கினேன்."

வலது கையைத் தூக்கிக் காட்டினாள், கட்டைவிரலை மட்டும் நிமிர்த்தி.

யாழினி திட்டவில்லை. ஒரு சீட்டில் மாற்று மருந்தின் பெயரை எழுதி நீட்டினாள். சாரதாமணி வாங்குவதற்கு முன் மாரிச்செல்வத்தின் கை அதை வாங்கியிருந்தது. மொபெட் கிளம்பும் சத்தம் கேட்டது. வெறும் காலோடு போயிருந்தான். அவன் செருப்பு வாசலிலேயே கிடந்தது.

அன்று பூனைக்கு மூன்று ஊசி போட்டார்கள். ஒவ்வொன்றையும் என்ன, எதற்கு என்று கேட்காமல் சாரதாமணி பார்த்துக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை. மத்தியானம் வரைக்கும் வெளி பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் நடுவில் காலி அட்டைப் பெட்டி.

"தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. அன்னிக்கு என்னமோ சொல்ல வந்தீங்க. 'ஒருநா இல்லாட்டி ஒருநா'ன்னு."

"என்னிக்குக்கா?"

"பொறா போனன்னிக்கு."

அவன் தலையைச் சொறிந்தான்.

"ஓ, அதுவா! லாரியில அடிபட்டுப் போயிரும்னு சொல்ல வந்தேன்கா. பொறாவக் கவ்விக்கிட்டு மெயின் ரோட்டக் குறுக்க தாண்டுது, எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. நீங்க மூஞ்சிய அப்படி வச்சிருந்தீங்களா, பாதிலயே முழுங்கிட்டேன்."

"கேனு?"

"தண்ணிதான்கா. பட்டறையில நல்ல தண்ணி தாராங்க. வாரத்துக்கொருக்க புடிச்சாருவேன். நீங்களும் ஒரு கொடம் எடுத்துக்குங்க." பிறகு சிரிக்காமல் சொன்னான். "வேணும்னா செக் பண்ணிட்டு."

சாரதாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவன் சந்தேகப்பட்டுப் பார்த்தான்.

இரண்டு நாள் எதுவும் சொல்வதற்கில்லை என்று யாழினி சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை சாரதாமணி வேலைக்குப் போனாள். கைகள் பனியனுக்குள் இருந்தன. ஓட்டை இருந்த ஒரு பனியன் அவள் மேசையைத் தாண்டிப் போனது. பக்கத்து மேசைப் பெண் அதைப் பார்த்துவிட்டுத் தானே அம்பை ஒட்டினாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் யாழினி உள்ளே கூப்பிட்டாள். கண்ணாடிப் பெட்டி திறந்திருந்தது. ரிஜெட்டு வாயை மூடிக்கொண்டு மூச்சு விட்டது. சாரதாமணி அதைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். கீழ் உதட்டை விரலால் மெல்ல விலக்கி, ஒரு கண்ணை மூடி, ஈறைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஷேடு வந்துருச்சுங்க" என்றாள்.

"அடுத்த வாரம் ஒரு தடவை கொண்டாங்க, ஈரல் எப்படி இருக்குன்னு பாக்கணும்" என்றாள் யாழினி. "அந்த மாத்திரை டப்பாவை மட்டும் உயரத்துல வைங்கம்மா."

"உயரத்துல எல்லாம் வேண்டாங்க டாக்டரம்மா. கொண்டாந்து உங்ககிட்டயே குடுத்தர்றேன்."

அவள் லைன் வீட்டுக்குத் திரும்பியபோது தேவிப்பிரியா வாசல் தெளித்து முடித்திருந்தாள். ஈரம் நிலைப்படி முழுக்கப் பரவியிருந்தது. அம்பு அப்படியே இருந்தது. இரண்டு நாளாக அதைச் சுற்றித் துடைத்திருக்கிறார்கள். அதை மட்டும் யாரும் தொடவில்லை, என்ன என்று கேட்கவும் இல்லை.

சாரதாமணி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் படிக்கு முன்னால் குந்தினாள். அம்பின் ஓரத்தை நகத்தால் நெம்பி, கிழியாமல், கொஞ்சம் கொஞ்சமாக உரித்து எடுத்தாள். ஒட்டியிருந்த பசையை முந்தானையின் ஈர நுனியால் தடம் தெரியாமல் துடைத்தாள். தூக்கிப் போடக் குப்பைக்கூடை பக்கத்திலேயே இருந்தது. அவள் போடவில்லை. வலது கையை விரித்து, கட்டைவிரலின் மேல் அந்த அம்பை வைத்தாள். நகத்துக்குப் பக்கவாட்டில், கரண்டியில் மாத்திரையை அழுத்திய சதையைச் சரியாக முனை தொடும்படி ஒரு முறை நகர்த்திக்கொண்டாள். பிறகு இடது கையால் நன்றாக அழுத்திவிட்டாள்.